வாசலில் ஓர் ஒலி, பதிவேட்டில் ஒரு வரி

(சிறுசேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்த கையோடு, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் இளைஞர்கள் பலர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த அட்டையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் சில்லைப் பற்றி. ஆர்.எஃப்.ஐ.டி. என்று பொறியாளர்கள் சொல்வார்கள். தொடாமல், பார்க்காமல், வானொலி அலையை அனுப்பி ஒரு பொருளை இன்னதென்று அடையாளம் காணும் முறை. இந்தப் பெயரை இன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர்கள் இங்கே இருக்கலாம். ஆனால் அதைப் பயன்படுத்தாதவர் ஒருவர்கூட இந்த அரங்கில் இருக்க முடியாது.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கார் வந்து நிற்கிறது. காவலர் எழுந்து வர வேண்டியதில்லை; கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் கண்டு தடுப்புக் கம்பு தானே உயர்கிறது. அங்கே ஒரு சில்லு. பிள்ளை பள்ளி வேனில் ஏறுகிறாள். கழுத்து அட்டை கருவியில் பட்டதும் அம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி போகிறது. அங்கே ஒரு சில்லு. மாநகரப் பேருந்தில் ஏறுகிறீர்கள். மெட்ரோவுக்கு வாங்கிய சிங்காரச் சென்னை அட்டை 2025 ஜனவரி முதல் பேருந்திலும் செல்கிறது. அங்கே ஒரு சில்லு. அலுவலக வாசலில் ஸ்வைப், லிஃப்ட் அருகே ஸ்வைப், உங்கள் பிரிவின் கதவில் ஸ்வைப். துணிக்கடையில் சட்டையோடு தொங்கும் விலைச்சீட்டு. தட்டினாலே பணம் கழியும் வங்கி அட்டை. பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பினால் பரனூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்.

வீட்டு நாய்க்கும் இப்போது விலக்கில்லை. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது. நாய் தொலைந்தால் இந்தச் சிப் அது இருக்கும் இடத்தைக் காட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காட்டாது. யாராவது நாயைப் பிடித்து, தோளருகே கருவியைக் கொண்டுபோனால், 15 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் வளர்ப்பவரின் பெயரும் முகவரியும் வரும்.

இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சில்லு எண்ணைச் சொல்லும். பதிவேடு பெயரைச் சொல்லும். நான் இன்று பேசப்போவதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதைப் பற்றித்தான்.

சில்லு எப்படிப் பேசுகிறது? உங்கள் காரின் ஃபாஸ்டேக்கில் பேட்டரி இருக்கிறதா? கிடையாது. மெல்லிய உலோக இழையாலான ஓர் ஆன்டெனா, நடுவில் கடுகளவு சிப், அவ்வளவுதான். சாவடிக்கு மேலே தொங்கும் கருவி வானொலி அலையை வீசுகிறது. இந்தியாவில் அதற்கென ஒதுக்கியது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலையிலிருந்தே ஆன்டெனா மின்சாரத்தைத் திரட்டிக்கொள்கிறது. சிப் விழித்துக்கொள்கிறது. வந்த அலையைக் கூட்டியும் குறைத்தும் திருப்பியனுப்பி, தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. வெயிலில் கைக்கண்ணாடியை அசைத்து எதிர்மாடியில் இருப்பவருக்குச் சைகை காட்டுவீர்களே, அதே வேலை. வெளிச்சம் உங்களுடையது அல்ல. அசைப்பு மட்டும் உங்களுடையது.

எல்லாச் சில்லும் ஒரே தூரத்துக்குப் பேசுவதில்லை. நாயின் சிப்புக்கு அருகில் போக வேண்டும். வங்கி அட்டையும் மெட்ரோ அட்டையும் 13.56 மெகாஹெர்ட்ஸில் சில சென்டிமீட்டருக்குள் பேசும். ஃபாஸ்டேக்கும் குடியிருப்பு வாசல் ஸ்டிக்கரும் பல மீட்டர் தூரத்திலிருந்தே பேசும். பேட்டரி வைத்த வகை இன்னும் நெடுந்தூரம் எட்டும்.

பலசரக்குக் கடையின் பார்கோடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பார்கோடைப் படிக்க வேண்டுமானால் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிக் காட்ட வேண்டும். சில்லைப் படிக்க யாரும் எதையும் காட்ட வேண்டாம். பையைத் திறக்க வேண்டாம். கேட்கவும் வேண்டாம். கேட்காமலேயே பதில் வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் வசதி. அதுவேதான் இதன் சிக்கலும்.

இந்த நுட்பத்தின் மூதாதை எது தெரியுமா? 1945-இல் மாஸ்கோவில், சோவியத் பள்ளிச் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. தூதர் அதைத் தன் இல்லத்தின் சுவரில் மாட்டிக்கொண்டார். அதற்குள் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. மின்கலம் இல்லை, கம்பி இல்லை. வெளியே நிறுத்திய வண்டியிலிருந்து வானொலி அலையை அதன் மேல் செலுத்தினால், அறையின் பேச்சை அந்த அலையிலேயே ஏற்றித் திருப்பியனுப்பும். வடிவமைத்தவர் லியோன் தெரமின். 1952 வரை அது அந்தச் சுவரில்தான் தொங்கியது. ஏழு ஆண்டுகள்! மின்சாரமே இல்லாத பொருளை எந்தச் சோதனையில் கண்டுபிடிப்பது?

அதே இயற்பியல்தான் உங்கள் கழுத்தில் தொங்குகிறது. 1948-இல் ஹாரி ஸ்டாக்மேன், திருப்பியனுப்பும் அலையால் செய்தி பரிமாறலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1973-இல் சார்லஸ் வால்டன், சாவியில்லாமல் அட்டையைக் காட்டிக் கதவைத் திறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சிறுசேரியின் இந்தச் சிப்காட் தொழில்நுட்பப் பூங்கா வளாகத்தின் ஆயிரக்கணக்கான கதவுகள் அந்த வழியில் வந்தவை.

ஒட்டுக்கேட்கப் பிறந்தது என்பதற்காக இதை ஒதுக்கச் சொல்ல நான் வரவில்லை. பொங்கலுக்கு முந்தைய இரவு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சில்லறைக்காகச் சாவடி வரிசையில் காத்துக் கிடந்தவர்களுக்கு ஃபாஸ்டேக்கின் அருமை தெரியும். 2014-இல் மும்பை – அகமதாபாத் வழியில் சோதனையாகத் தொடங்கியது. 2021 பிப்ரவரி நடுவில் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லா நான்கு சக்கர வண்டிகளுக்கும் கட்டாயமானது. இன்று 8 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருக்கிறார்கள். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் புத்தகங்களுக்குள் சில்லு இருக்கிறது. இடம் மாறிப்போன புத்தகம் காணாமற்போன புத்தகத்துக்குச் சமம் என்பது நூலகம் போகிறவர்களுக்குத் தெரியும், அதைத் தேடிக் கண்டெடுக்க இது உதவும். மராத்தான் ஓடுகிறவர்களின் மார்புச் சீட்டில் ஒட்டிய சில்லு, கோட்டைத் தாண்டிய நொடியைக் குறித்துக்கொள்கிறது. இவையெல்லாம் நன்மைகள். நான் மறுக்கவே மாட்டேன்.

பிறகு எதற்காகக் கவலைப்பட வேண்டும்? இங்கே நாம் ஒரு தவறான பயத்தை முதலில் கழித்துவிட வேண்டும்.

2022 ஜூனில் ஒரு காணொலி நாடெங்கும் சுற்றியது. சிக்னலில் கார் கண்ணாடி துடைக்கும் சிறுவன், கையில் கட்டிய கடிகாரத்தை ஃபாஸ்டேக் மேல் காட்டிப் பணத்தைத் திருடிவிட்டான் என்று. எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது! எத்தனை பேர் அந்த ஏழைப் பிள்ளைகளைத் திருடர்களாகப் பார்த்தார்கள்! உண்மை என்ன? தேசியக் கொடுப்பனவுக் கழகம் உடனே மறுத்தது. ஃபாஸ்டேக் பணம் பதிவுபெற்ற சாவடிகளுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் மட்டுமே போகும்; ஒரு தனி மனிதரின் கணக்குக்குப் போக வழியே இல்லை. சில்லில் உங்கள் பணம் இல்லை. இருப்பதெல்லாம் அடையாள எண்ணும் வண்டிக்குரிய சில குறிப்புகளும்தான். வங்கி அட்டைக்குக்கூட வரம்பு உண்டு. ரகசிய எண் இல்லாமல் தட்டிக் கழிக்கும் தொகை 2021 ஜனவரி முதல் ஒரு முறைக்கு 5000 ரூபாய். அந்த வசதியே வேண்டாமென்றால் உங்கள் வங்கிச் செயலியில் அணைத்து வைக்கலாம். ரிசர்வ் வங்கி அந்த உரிமையைத் தந்திருக்கிறது, இன்றிரவே செய்துகொள்ளுங்கள்.

ஆக, சிக்னலில் நிற்கும் சிறுவனைப் பார்த்து நாம் பயந்தோம். யாரைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டுமோ, அவரைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு முறை 'பீப்' என்று ஒலிக்கும்போதும் எங்கோ ஒரு கணினியில் ஒரு வரி ஏறுகிறது. இன்ன எண், இன்ன இடம், இன்ன நேரம். அந்த வரியை யார் வைத்திருக்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? யாருக்கெல்லாம் திறந்து காட்டுகிறார்கள்? இந்த மூன்று கேள்விகள்தான் கேள்விகள்.

இதற்கு ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஆக்டோபஸ் என்றொரு அட்டை. 1997-இல் வந்தது. ரயிலுக்கு, பேருந்துக்கு, கடைக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அட்டை. இன்று நாம் சிங்காரச் சென்னை அட்டையைத் தட்டுகிறோமே, அப்படி ஊரே அதைத் தட்டியது. அந்த அட்டையின் சில்லை எந்தத் திருடனும் உடைக்கவில்லை. சில்லு பத்திரமாகத்தான் இருந்தது. 2010-இல் என்ன வெளியே வந்தது தெரியுமா? அட்டையை நடத்திய நிறுவனமே, ஏறத்தாழ 20 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களை வியாபாரக் கூட்டாளிகளுக்கு விற்று, 4 கோடியே 40 லட்சம் ஹாங்காங் டாலர் சம்பாதித்திருந்தது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். பூட்டு உடையவில்லை, ஐயா. சாவி வைத்திருந்தவர்களே விற்றார்கள்.

ஹாங்காங் தூரம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலேயே 2019-இல், வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்களை மொத்தமாகத் தனியாருக்குக் கொடுக்க மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு கொள்கையே வகுத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கு அந்தத் தகவல் போயிருக்கிறது, 65 கோடி ரூபாய் வந்திருக்கிறது என்று அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே தெரிவித்தார். எதிர்ப்புக் கிளம்பியது. 2020 ஜூனில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. அந்தப் பட்டியலில் இங்கே இருக்கும் எத்தனை பேருடைய வண்டி எண் போயிற்றோ! நம்மிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஒரு காரணத்துக்காகச் சேர்த்த பதிவு வேறு காரணத்துக்குப் போவதைத் தடுப்பது கடினம். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நம் ஃபாஸ்டேக் போல ஈ-இசட்பாஸ் என்று ஒன்று உண்டு. சுங்கம் கட்டத்தான் அதை வாங்கினார்கள். பிறகு விவாகரத்து வழக்குகளில், கணவர் இன்ன இரவு இன்ன பாலத்தைக் கடந்தார் என்று காட்ட வழக்கறிஞர்கள் அந்தப் பதிவைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் சுங்கச்சாவடியே இல்லாத தெருக்களிலும் படிக்கும் கருவிகள் இருப்பதை 2015-இல் அங்குள்ள குடிமை உரிமை அமைப்பு தகவல் உரிமை மனுவின் வழியே வெளிக்கொண்டுவந்தது. போக்குவரத்து நெரிசலை அளக்க என்றார்கள். இருக்கலாம். ஆனால் ஈ-இசட்பாஸை ஒட்டிக்கொண்டவருக்கு அது தெரியாது.

நம் ஊருக்கு வாருங்கள். நாவலூர்ச் சுங்கச்சாவடி 2023 அக்டோபரில் மூடப்பட்டது. ராஜீவ் காந்தி சாலையில் இன்று யாரும் சுங்கம் கட்டுவதில்லை, நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் அப்படியேதான் இருக்கிறது. சாவடி போனாலும் சில்லின் வாய் மூடவில்லை. தகுந்த கருவியோடு யார் கேட்டாலும் அது தன் எண்ணைச் சொல்லும். சாலையோரத்தில் நாளை ஒரு கருவி வந்தால், வந்தது யாருடையது, எதற்கு என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இப்போது அலுவலகத்துக்குள் போவோம். இங்கே பலர் நெளிந்து உட்காருவது தெரிகிறது.

கதவைத் திறக்கத்தான் அட்டை கொடுத்தார்கள். உள்ளே வரக்கூடாதவர் வராமலிருக்க. மிகவும் நியாயம். பிறகு என்ன ஆயிற்று? அதே அட்டை வருகைப்பதிவு ஆயிற்று. வீட்டிலிருந்து வேலை பார்த்த காலம் முடிந்ததும், பெரிய மென்பொருள் நிறுவனங்கள் சில, அலுவலகத்துக்கு எத்தனை நாள் வந்தீர்கள் என்பதைக் காலாண்டு ஊக்கத்தொகையோடு இணைத்தன. கதவுக்காக எழுதிய வரி சம்பளத்துக்கான வரி ஆயிற்று. தேநீருக்கு எத்தனை முறை வெளியே போனார், யாருடைய பிரிவுக்கு அடிக்கடி போனார், எத்தனை நிமிடம் கழித்துத் திரும்பினார், எல்லாமே அந்தக் கணினியில் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லலாம். இன்று பார்ப்பதில்லை. ஆள்குறைப்பு வருகிற ஆண்டில்?

இன்னொன்றும் உண்டு. அந்த வரி எப்போதும் உண்மையைத்தான் சொல்கிறதா? 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகமெங்கும் போக்குவரத்திலும் அலுவலகக் கதவுகளிலும் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் அட்டையின் ரகசியக் குறியீட்டை உடைத்துக் காட்டினார்கள். தயாரித்த நிறுவனம், ஆய்வை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் போனது. நீதிமன்றம் மறுத்துவிட்டது; பலவீனம் ஆய்வில் இல்லை, அட்டையில் இருந்தது. குறியீடே இல்லாத பழைய 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகளை நகலெடுப்பது இன்னும் எளிது. நகலெடுக்க முடிகிற அட்டை 'இவர் இங்கே இருந்தார்' என்று சாட்சி சொல்லலாமா? உங்கள் அட்டை அங்கே இருந்தது என்றுதான் அது சொல்ல முடியும். ஃபாஸ்டேக்கிலும் வண்டி வீட்டில் நிற்கும்போதே சுங்கம் கழிந்ததாகப் புகார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1033 என்ற எண்ணுக்குப் புகார் செய்யலாம். பதிவேட்டில் இருப்பதாலேயே அது நடந்ததாகிவிடாது. இதை மனிதவளத் துறையில் இருப்பவர்கள் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே, இதுவரை பேசியது நம்மைப் பற்றி. ஸ்வைப் நேரம் தவறாக ஏறினால் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கத் தெரிந்தவர்களைப் பற்றி. கேட்க முடியாதவர்களைப் பற்றிப் பேச வேண்டாமா?

இந்தச் சாலையின் இருபுறமும் எழுந்து நிற்கும் குடியிருப்புகளுக்கு விடியற்காலையில் யார் முதலில் வருகிறார்கள்? வீட்டு வேலை செய்யும் அக்காக்கள் வருகிறார்கள். சமையல் செய்பவர் வருகிறார். கார் துடைக்கும் பையன் வருகிறான். பல இடங்களில் அவர்கள் கையில் ஓர் அட்டை அல்லது ஓர் எண். வாசலில் பதிந்ததும் எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்கு வந்தார் என்று குடியிருப்போரின் கைப்பேசிச் செயலியில் தெரிகிறது. எத்தனை வீடுகளில் வேலை செய்கிறார் என்பதும் தெரிகிறது. சில செயலிகளில் அவருக்கு மதிப்பெண்ணும் போடலாம். அந்த அக்காவின் செயலியில் உங்களைப் பற்றி ஏதாவது தெரியுமா? மாதச் சம்பளத்தை எத்தனை நாள் தள்ளிக் கொடுத்தீர்கள் என்று அடுத்த வீட்டில் வேலைக்குப் போகிறவர் பார்க்க முடியுமா? முடியாது. ஒரு பக்கம் மட்டுமே கண்ணாடி, மறுபக்கம் சுவர். இதில் ஒரு பெண்ணின் பிழைப்பு இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாரா என்றால், போட்டிருப்பார். போடாவிட்டால் வாசலைத் தாண்ட முடியாதே!

சண்டிகரில் 2020-இல் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரத்தைக் கட்டினார்கள். அது ஜி.பி.எஸ்., வேறு நுட்பம். ஆனால் கேள்வி ஒன்றுதான். எங்களை வேவு பார்க்காதீர்கள் என்று அவர்கள் தெருவில் நின்று போராடினார்கள். அந்த மாநகராட்சியின் உயரதிகாரிகள் கையில் அந்தக் கடிகாரத்தை யாராவது கட்டினார்களா? கண்காணிப்பு எப்போதும் கீழ்நோக்கித்தான் பார்க்கிறது. நான் இதை மனம் நொந்து சொல்கிறேன்.

"பாதுகாப்பு வேண்டாமா?" என்று ஒரு தாய் இப்போது மனத்துக்குள் கேட்டிருப்பார். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இந்தச் சிப்காட் சாலையில் முன்பு நடந்த கொடுமையை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் வேலை முடித்துக் கிளம்பிய பெண் வீடு சேரவில்லை. அதன் பிறகு இந்த ஊரில் ஒவ்வொரு பெற்றோரும் மகள் வண்டியில் ஏறிய செய்தி வரும்வரை கண்ணயர்வதில்லை. அந்தத் தவிப்புக்கு முன்னால் நின்றுகொண்டு யாரும் தனியுரிமை என்று வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசல் அட்டை, அவர் எப்போது வெளியே போனார் என்று மட்டுமே சொல்லும். வெளியே இருக்கும் சாலையில் விளக்கு எரிகிறதா, பேருந்து வருகிறதா, கூட யாராவது நடக்கிறார்களா என்பதெல்லாம் வேறு செலவு, வேறு உழைப்பு. அட்டையைக் கொடுத்துவிட்டோம், பாதுகாப்பு முடிந்தது என்று எந்த நிர்வாகமும் கை கழுவ விடக்கூடாது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் அதையே சொல்வேன். வேனில் ஏறினாள், இறங்கினாள் என்ற செய்தி நல்லது. அந்த நாளோடு அதன் வேலை முடிந்தது. ஆறாம் வகுப்பில் எத்தனை நாள் தாமதமாக வந்தாள் என்ற பட்டியல் அவள் கல்லூரிக்குப் போகும் வயதிலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் ஏன் இருக்க வேண்டும்? கலிஃபோர்னியாவில் சட்டர் என்ற சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் 2005-இல் பிள்ளைகள் கழுத்தில் இந்த அட்டையைத் தொங்கவிட்டார்கள். பெற்றோரைக் கேட்கவில்லை. பெற்றோர் திரண்டு கேட்டார்கள். சில வாரங்களில் திட்டம் நின்றது.

கேட்டால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறீர்களா? நடந்திருக்கிறது. 2003-இல் பெனட்டன் ஆடைகளில் ஒன்றரைக் கோடிச் சில்லுகள் தைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. போட்டுக்கொண்டு நடக்கும் சட்டையே நான் யாரென்று சொல்லுமா என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், புறக்கணிப்போம் என்றார்கள், நிறுவனம் பின்வாங்கியது. 2004-இல் ஜெர்மனியின் ரைன்பெர்க் நகரில் மெட்ரோ என்ற வணிக நிறுவனத்தின் மாதிரிக் கடையில், வாடிக்கையாளர் அட்டைக்குள் சொல்லாமல் சில்லு வைத்திருந்தது தெரியவந்தது. மக்கள் கடை வாசலில் நின்றார்கள். அட்டை திரும்பப் பெறப்பட்டது. இன்று கடைச் சில்லுகளின் தரநிர்ணயத்தில், விற்றபின் சில்லை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் கட்டளை ஒன்றும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று கடைக்காரரிடம் சொல்வதில் தவறே இல்லை.

பாஸ்போர்ட்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா தன் பாஸ்போர்ட்டில் சில்லு வைக்கப் போவதாக அறிவித்து 2005-இல் மக்கள் கருத்தைக் கேட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள், பெரும்பாலும் எதிர்ப்பு. கூட்டத்தில் நிற்கும்போது பையிலிருக்கும் பாஸ்போர்ட்டைத் தூரத்திலிருந்தே படித்துவிடுவார்களே என்று கேட்டார்கள். விளைவு? பாஸ்போர்ட்டின் மேலட்டையில் உலோகத் தடுப்பு வந்தது. பக்கத்தைத் திறந்து, அச்சிட்ட எண்ணையும் பிறந்த தேதியையும் முதலில் படித்தால்தான் சில்லு வாய்திறக்கும் என்ற பூட்டும் சேர்ந்தது. 2025 மார்ச்சில் சென்னை பாஸ்போர்ட் அலுவலகம் மின்னணுப் பாஸ்போர்ட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியதே, அதன் சில்லிலும் இந்த வகைப் பூட்டு இருக்கிறது. முகம் தெரியாத யாரோ இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். அதன் பயன் இங்கிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் சட்டைப்பை வரை வந்திருக்கிறது.

நமக்கென்று சட்டம் இல்லையா? இருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலைவாய்ப்புத் தொடர்பான பயன்பாட்டுக்கு ஊழியரின் சம்மதம் தேவையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளிகளுக்கும் பள்ளி வாகனங்களுக்கும் பாதுகாப்பின் பெயரில் விலக்குத் தருகிறது. அரசு அமைப்புகளுக்கு இன்னும் பெரிய விலக்கு. ஆகவே நாம் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு இடங்களிலும், அலுவலகக் கதவிலும் பள்ளி வேனிலும், சட்டம் முழுதாக நம்மோடு நடந்து வருவதில்லை. பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழியை நாம்தான் நடக்க வேண்டும்.

எப்படி நடப்பது? குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து நில்லுங்கள். வாசல் பதிவு எத்தனை நாள் கணினியில் இருக்கிறது என்று கேளுங்கள். செயலாளருக்குத் தெரியாது, செயலியை நடத்தும் நிறுவனத்தைக் கேட்க வேண்டும் என்பார். கேட்டு எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். திருட்டு, விபத்து என்று ஏதாவது நேர்ந்தால் பார்க்க 30 நாள் போதும்; அதற்குப் பிறகு அழிக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரின் வருகையை, அவர் வேலை செய்யும் வீட்டுக்காரர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று இன்னொரு தீர்மானம். மதிப்பெண் போடும் வசதியை மூடச் சொல்லி மூன்றாவது. அந்தக் கூட்டத்துக்கு வேலை செய்யும் பெண்களில் இரண்டு பேரை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

கடைசியாக, கழுத்தில் அட்டையோடு வந்திருக்கும் இளைஞர்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். நீங்கள் இந்தப் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் அல்ல. இந்தப் பதிவேட்டையே எழுதுகிறவர்கள் நீங்கள்தான். உலகத்தின் எத்தனையோ வங்கிகளுக்கும் கடைகளுக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் இந்த ஊரில் உட்கார்ந்துதான் நிரல் எழுதுகிறீர்கள். இதே வளாகத்தில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. மறைக்குறியீட்டைப் பற்றி யோசிக்கும் மூளைகள் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. அடுத்த முறை வருகைப்பதிவுக்கோ, பயண அட்டைக்கோ, நூலகத்துக்கோ ஒரு தரவுத்தளம் வடிவமைக்க உட்காரும்போது, எண், இடம், நேரம் என்ற மூன்று நெடுவரிசைகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக 'அழிக்கும் நாள்' என்று ஒன்றைச் சேருங்கள். புத்தகம் திரும்பி வந்ததும் யார் எடுத்தார் என்ற இணைப்பு அறுந்துபோகும்படி எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்கவில்லையே என்பார் மேலாளர். கேட்கவில்லை என்பதையும், நீங்கள் சொன்னீர்கள் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வருகிறவருக்கு அது கைகொடுக்கும்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் முதலில் கேட்கலாம்.